தழும்பு எல்லை தாண்டினால்: கெலாய்டை எப்படிக் கண்டுபிடிப்பது, அப்புறம் என்ன செய்வது

பத்தொன்பது வயதில் எனக்கு நெஞ்சின் நடுவில் ஒரு பரு வந்தது. சாதாரணப் பருதான். கிள்ளினேன், சீழ் வந்தது, காய்ந்தது, மறந்துவிட்டேன். நாலைந்து மாதம் கழித்துக் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, மிளகு அளவுக்குக் கெட்டியாக ஏதோ ஒன்று. அடுத்த வருடம் அது புளியங்கொட்டை அளவு. அதற்கடுத்த இரண்டு வருடத்தில் இடது பக்கமும் வலது பக்கமும் கை நீட்டிக்கொண்டு வண்ணத்துப்பூச்சி மாதிரி படுத்துக்கிடந்தது. அம்மா அதைத் துர்மாமிசம் என்றார். பக்கத்து வீட்டு அத்தை கேன்சராக இருக்கப் போகிறது என்று பயமுறுத்தினார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஏதோ ஒரு ஆயின்மென்ட்டை எடுத்து நீட்டினார்கள். அது கெலாய்டு என்று ஒரு தோல் டாக்டர் சொல்லும்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

அக்காவின் கதை இன்னும் மோசம். கல்லூரியில் படிக்கும்போது காதில் இரண்டாவது ஓட்டை போட்டுக்கொண்டாள், ஒரு வருடத்துக்குள் அந்த ஓட்டைக்குப் பின்பக்கம் கொட்டைப்பாக்கு போல ஒரு உருண்டை. ஒரு கிளினிக்கில் வெட்டி எடுத்து, தையல் போட்டு, "அவ்வளவுதான்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் அது திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் கிடையாது, பத்து வருடத்துக்கு மேலாக இதோடு குடித்தனம் நடத்துகிற ஆள். மருந்து, அளவு பற்றி கீழே வருவதெல்லாம் டாக்டர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குப் புரிவதற்காக, நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக இல்லை.

முதலில், அது கெலாய்டுதானா?

தடித்த தழும்பு எல்லாம் கெலாய்டு கிடையாது. கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும், பழைய காயம் எதுவரை இருந்தது, இப்போது இந்தத் தடிப்பு எதுவரை இருக்கிறது? காயம் இருந்த இடத்துக்குள்ளேயே மேடாகி நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் வெறும் தடித்த தழும்பு, டாக்டர்கள் ஹைப்பர்ட்ராஃபிக் என்பார்கள். காயமே படாத நல்ல தோலுக்குள்ளும் நுழைந்து பரவியிருந்தால் கெலாய்டு. ஊசி நுழைந்த துளி இடத்திலிருந்து கொட்டைப்பாக்கு வளர்ந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இந்த எல்லை தாண்டும் குணத்தை வைத்துத்தான் இதற்குப் பெயரே வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்த ஜான் லூயி அலிபேர் என்ற தோல் மருத்துவர், பக்கவாட்டில் கொடுக்கு நீட்டுகிற இதன் உருவத்தைப் பார்த்து நண்டுக்கொடுக்குக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். அதற்கு முன்னால் அவரே புற்றுநோயை நினைவுபடுத்துகிற வேறு ஒரு பெயரைச் சொல்லிவந்தார், இது புற்றுநோய் இல்லை என்பதால் பிறகு மாற்றிக்கொண்டார். அத்தைக்கு வந்த அதே சந்தேகம்தான்! கெலாய்டு புற்றுநோய் கிடையாது, ஒட்டுவாரொட்டியும் கிடையாது.

அடுத்து நேரக்கணக்கு. தடித்த தழும்பு அவசரக்காரன், காயம் மூடிய 4 முதல் 8 வாரத்துக்குள் தலைகாட்டிவிடும், சில மாதம் வளரும், பிறகு ஒன்றிரண்டு வருடத்தில் மெல்ல அமுங்கத் தொடங்கும். கெலாய்டு நிதானமானது. மூன்று மாதம், ஆறு மாதம், சில பேருக்கு ஒரு வருடம் தாண்டிக்கூட, காயத்தையே மறந்த பிறகு வரும். வந்தால் தானாகப் போகாது. சில வருடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி வளரவும் செய்யும்.

தொட்டுப் பாருங்கள். ரப்பர் போலக் கெட்டியாக இருக்கும், மேல்தோல் வழவழவென்று மினுங்கும், அதில் முடி முளைக்காது. புதிதாக வளரும்போது சிவப்பு அல்லது ரோஸ் நிறம், நம் தோலில் அது பல நேரம் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், வயதாக ஆகக் கறுத்துப் பழுப்பாகும். நெஞ்சில் வருகிற பழைய கெலாய்டுகளில் நடுப்பகுதி தட்டையாகிவிடும், ஓரம் மட்டும் சிவந்து மேடாக இருக்கும், அந்த ஓரம்தான் இன்னும் வேலை பார்க்கிற இடம். அரிப்பு இருக்கும். ஊசி குத்துவது போல ஒரு சுருக் வலியும் அவ்வப்போது வரும். வியர்வையில், பனியன் உரசினால், ராத்திரி படுத்த பிறகு எனக்கு அதிகம். வலி இல்லையே, இது சும்மா அழகுப் பிரச்சினைதானே என்று கேட்பவர்களிடம் ஜூன் மாதம் சென்னை பஸ்ஸில் என்னோடு வந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றும்.

இடமும் ஒரு துப்பு. காதுச் சோணை, காது மடல், நெஞ்சின் நடு எலும்புக்கு மேல், தோள்பட்டை, மேல்முதுகு, தாடை ஓரம், இவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். நம் ஊரில் இடது தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பும் சிலருக்கு இப்படி வளர்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமை ஆகிய இடங்களில் கெலாய்டு மிக அபூர்வம்.

கெலாய்டு மாதிரி இருந்து ஏமாற்றுபவை சிலவும் உண்டு. மூக்குத்தி போட்ட சில வாரத்திலேயே துளைக்குப் பக்கத்தில் சிவப்பாக, ஈரமாக, தொட்டால் ரத்தம் கசிகிற குமிழ் வந்தால் அது பெரும்பாலும் கெலாய்டு இல்லை, உறுத்தலால் வருகிற புண்சதை, கவனிப்பை மாற்றினாலே பலருக்கு அடங்கிவிடும். காதுச் சோணைக்குள் உருளுகிற உருண்டை, அதன் நடுவில் கரும்புள்ளி, அமுக்கினால் நாற்றத்தோடு வெள்ளையாக வருகிறது என்றால் அது நீர்க்கட்டி வகை. ஆண்களுக்குப் பின்கழுத்தில் முடி முடிகிற இடத்தில் வரிசையாகக் கெட்டிப் பருக்கள் வந்து பிறகு தழும்பாகச் சேர்ந்துகொள்வது முடிக்கால் அழற்சியிலிருந்து தொடங்குகிற வேறு சமாச்சாரம், சலூனில் பின்கழுத்தை ஒட்ட வழித்துவிடச் சொல்வதை நிறுத்துவதுதான் அதற்கு முதல் வைத்தியம். இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று: எந்தக் காயமும் இல்லாத இடத்தில் மேடு கட்டியாக வளர்கிறது, வேகமாகப் பெரிதாகிறது, புண்ணாகிறது, ரத்தம் வருகிறது என்றால் கெலாய்டு என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் உட்காராதீர்கள். தோலில் வருகிற அபூர்வமான சில புற்றுக்கட்டிகள் ஆரம்பத்தில் தழும்பு போலவே இருக்கும். டாக்டர் சந்தேகப்பட்டால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

ஏன் இப்படி வளர்கிறது

வெட்டுப்பட்டவுடன் உடம்பு செய்கிற வேலையை வீடு கட்டுகிற இடத்தோடு ஒப்பிடலாம். முதல் சில நாள் வீக்கம், சிவப்பு, குப்பை அள்ளுதல். அடுத்த சில வாரம் கட்டுமானம், ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அவசர அவசரமாகக் கொட்டி ஓட்டையை அடைக்கும். அதற்கப்புறம் பல மாதம், ஒரு வருடம் வரைகூடச் சீரமைப்பு நடக்கும், அதிகப்படியாகக் கொட்டியதை அள்ளி, நார்களை ஒழுங்காக அடுக்கி, கொத்தனார்கள் கலைந்து போவார்கள். கெலாய்டில் நடப்பது என்னவென்றால், கொத்தனார்கள் கலையவே மாட்டார்கள். டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற "இன்னும் கட்டு" என்கிற சமிக்ஞைகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், உள்ளே அழற்சி சன்னமாக எரிந்துகொண்டே இருக்கும், தடித்த கொலாஜன் கட்டுகள் கன்னாபின்னாவென்று குவியும், வேலை முடிந்த வீட்டைத் தாண்டிப் பக்கத்து மனையிலும் சுவர் எழும்பும். அதாவது புண் ஆறாததால் இது வருவதில்லை, ஆறுகிற வேலைக்கு முற்றுப்புள்ளி விழாததால் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகிற வைத்தியம் எல்லாம் தானாகப் புரியும், அக்காவுக்கு நடந்ததும் புரியும்.

காயத்தின் ஆழமும் கணக்கில் வரும். மேலாகச் சிராய்த்தால் வராது, தோலின் அடி அடுக்கு வரை காயமோ அழற்சியோ போக வேண்டும். பரு, அம்மைத் தழும்பு, தீக்காயம், ஊசி, காது குத்து, பச்சை குத்து, ஆபரேஷன் தையல், எது வேண்டுமானாலும் தொடக்கமாக இருக்கலாம். சும்மாவே வந்தது என்று சொல்பவர்களில் பலருக்கும் நெஞ்சில் வந்து போன ஒரு சின்னப் பருவோ முடிக்கால் சீழோ நினைவில்லாமல் போயிருக்கும்.

இன்னொரு காரணம் இழுவிசை. நெஞ்சுத் தோல் நாள் முழுக்க இழுபடுகிற இடம், கையைத் தூக்கினால், மூச்சு விட்டால், புரண்டு படுத்தால் எல்லாம் இழுக்கும். எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கமாகவே கெலாய்டும் நீளுகிறது, அதனால்தான் நெஞ்சில் வண்ணத்துப்பூச்சி வடிவமும் நண்டுக்கொடுக்கு வடிவமும். மேல் இமையில் இழுவை கிடையாது, அங்கே வருவதும் மிக அபூர்வம். சரி, அப்படியானால் ஒன்றும் இழுக்காத காதுச் சோணையில் ஏன் வருகிறது என்று கேட்பீர்கள், நானும் டாக்டரிடம் கேட்டேன். அங்கே உலோகம் உள்ளேயே கிடக்கிறது, கழற்றி மாட்டும்போதெல்லாம் உரசல், அவ்வப்போது சீழ், திருகாணியை இறுக்கிவிட்டால் தோலுக்குள் பதிந்துபோவது, கவரிங் தோட்டில் நிக்கல் ஒவ்வாமை என்று அழற்சிக்கு ஓய்வே இல்லை. ஆக இழுவையோ ஓயாத அழற்சியோ, ஏதாவது ஒன்று அந்தக் கொத்தனாரை வீட்டுக்குப் போகவிடாமல் வைத்திருக்கிறது.

இதெல்லாம் எல்லோருக்கும் நடக்கிறது, எல்லோருக்குமா கெலாய்டு வருகிறது? இல்லை. உடல்வாகு என்று ஒன்று இருக்கிறது, அது குடும்பத்தில் வருகிறது. எங்கள் தாத்தாவுக்குத் தோளில் இருந்த அம்மைத் தழும்பு பெரிய தடிப்பாக இருந்தது என்று அம்மா சொன்னது நான் ட்ரீட்மென்ட் தொடங்கிய பிறகுதான். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் நம்மைப் போன்ற ஆசியர்களுக்கும், வெள்ளைத் தோல்காரர்களைவிட வாய்ப்பு அதிகம். வயது பெரும்பாலும் 10 முதல் 30 வரை, சின்னக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் குறைவு. கர்ப்ப காலத்தில் பெரிதாவதும் அரிப்பு கூடுவதும் உண்டு.

சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கத்திரிக்காய், கருவாடு, புளி எல்லாவற்றையும் ஆறு மாதம் ஒதுக்கிப் பார்த்தவன் சொல்கிறேன், கெலாய்டு அப்படியே இருந்தது, நான்தான் இளைத்துப் போனேன்.

முதலில் செய்யக்கூடாதவை

சூடு வைக்காதீர்கள். எருக்கம்பால், சுண்ணாம்பு, சேங்கொட்டை எதையும் தடவாதீர்கள், இவை தோலைப் பொசுக்கிப் புதுக் காயம் உண்டாக்கும், புதுக் காயம் என்றால் புதுக் கெலாய்டு. மருவுக்குக் கட்டுகிற மாதிரி முடியோ நூலோ கட்டி அறுக்கப் பார்க்காதீர்கள். விட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்து தடவுவதால் தழும்பு குறைவதில்லை, சிலருக்கு ஒவ்வாமைத் தடிப்புதான் மிஞ்சுகிறது. வெங்காயச் சாறு சேர்த்த தழும்பு ஜெல்கள் கடையில் கிடைக்கின்றன, கெடுதல் அதிகம் இல்லை, ஆனால் வளர்ந்து நிற்கிற கெலாய்டை அமுக்கும் சக்தி அதற்கு இருப்பதாக நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெறுமனே வெட்டி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். வெட்டி மட்டும் எடுத்த கெலாய்டு திரும்ப வரும் வாய்ப்பு 45 முதல் 100 சதவீதம் வரை என்று மருத்துவ நூல்களில் போட்டிருக்கிறது. கொத்தனார் போகாத இடத்தில் சுவரை இடித்தால் என்ன ஆகும், இன்னும் பெரிய சுவர் கட்டுவார். "ஒரே சிட்டிங்கில் லேசரில் எரித்து எடுத்துவிடுவோம்" என்ற விளம்பரங்களுக்கும் இதே கதைதான், கத்திக்குப் பதிலாகக் கதிர், அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டரிடம் போகும் முன்

தோல் டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, இது அவர்கள் அன்றாடம் பார்க்கிற விஷயம். போகும் முன் இரண்டு வேலை செய்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், மாதம் ஒரு முறை இதைத் தொடருங்கள். ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வைத்து மார்க்கரால் ஓரத்தை வரைந்து தேதி போட்டு வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிறவனுக்கு வளர்ந்ததும் தெரியாது, குறைந்ததும் தெரியாது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு "ஒன்றுமே ஆகவில்லை" என்று சண்டைக்குப் போன என்னிடம் டாக்டர் பழைய தாளை எடுத்து வைத்துக் காட்டியபோது வாயை மூடிக்கொண்டேன்.

சர்க்கரை நோய், கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம், சாப்பிடுகிற மாத்திரைகள், குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கிறது, முன்பு என்னென்ன செய்தீர்கள், இதையெல்லாம் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வைத்தியம் எப்படி நடக்கும்

பெரும்பாலும் ஊசியில் தொடங்குவார்கள். ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு, மில்லிக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை உள்ள கரைசலாக, கெலாய்டின் சதைக்குள்ளேயே போடப்படும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. கொலாஜன் உற்பத்தியைக் குறைப்பதும் அழற்சியை அடக்குவதும் இதன் வேலை. முதல் இரண்டு தடவை வலிக்கும், மறைக்க விரும்பவில்லை. கல் மாதிரி இருக்கிற சதைக்குள் மருந்து ஏற மறுக்கும், டாக்டரே சிரிஞ்சோடு மல்லுக்கட்டுவார். மரத்துப்போகிற க்ரீமை முன்கூட்டியே தடவச் சொல்லிக் கேளுங்கள், ஐஸ் வைத்தாலும் கொஞ்சம் தாங்கும். சதை இளக இளக மூன்றாவது நான்காவது தடவையிலிருந்து சுலபமாக ஏறும்.

என்ன எதிர்பார்க்கலாம் என்றால், முதலில் அரிப்பு போகும். எனக்கு முதல் ஊசிக்குப் பத்து நாளில் ராத்திரி சொறிவது நின்றது, அதற்கே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அப்புறம் மிருதுவாகும், அப்புறம்தான் தட்டையாகும். நிறம் பழையபடி ஆகாது, காயமே படாத தோல் போலவும் ஆகாது. தட்டையாகி, அரிக்காமல், வளராமல் இருந்தால் அதுவே வெற்றி. பக்கவிளைவு என்று பார்த்தால் அந்த இடம் குழி விழலாம், வெளுக்கலாம், சின்ன ரத்தக்குழாய்கள் மேலே தெரியலாம், பெண்களுக்கு மாதவிலக்கு கொஞ்சம் தள்ளிப்போகலாம், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறலாம். "சீக்கிரம் போகட்டும், நிறையப் போடுங்கள்" என்று டாக்டரை நச்சரிக்காதீர்கள்.

ஸ்டீராய்டு மட்டும் போதாதபோது 5-எஃப்யூ என்ற மருந்தைக் கலந்து போடுவார்கள். இணையத்தில் தேடினால் அது புற்றுநோய் மருந்து என்று வரும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். செல்கள் பெருகுவதைத் தடுக்கிற மருந்து என்பதால் இங்கே சிறு அளவில் அந்த இடத்துக்குள் மட்டும் பயன்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. திரவ நைட்ரஜனால் உறைய வைக்கிற முறையும் உண்டு, மைனஸ் 196 டிகிரி. சின்னக் கெலாய்டுகளுக்கு நன்றாகக் கேட்கும், ஊசிக்கு முன்னால் சதையை இளக்கவும் உதவும், ஆனால் நம் தோலில் வெள்ளைத் திட்டு விழ வாய்ப்பு அதிகம், முகத்திலும் காதிலும் செய்யும் முன் யோசியுங்கள். ரத்தக்குழாயைக் குறிவைக்கிற ஒரு வகை லேசர் சிவப்பையும் அரிப்பையும் குறைக்கும், ஊசியோடு சேர்த்துச் செய்தால் பலன் உண்டு, தனியாக அதை நம்பி இறங்க நான் சொல்லமாட்டேன்.

வீட்டில் செய்யக்கூடியது சிலிக்கான் பட்டை. சதைக்கு மேல் ஒட்டுகிற மெல்லிய ஜெல் தாள், நாளுக்கு 12 மணி நேரமாவது, முடிந்தால் அதற்கு மேலும், குறைந்தது இரண்டு மூன்று மாதம். தினமும் கழற்றி மிதமான சோப்பால் கழுவி, காயவைத்துத் திரும்ப ஒட்டலாம். நம் வெயிலுக்கு முதல் வாரமே வேர்க்குரு வந்துவிடும், அதனால் ராத்திரி நான்கு மணி நேரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பட்டை நிற்காத இடத்துக்கு ட்யூபில் வருகிற சிலிக்கான் ஜெல். திறந்த புண்மேல் எதையும் ஒட்டக்கூடாது. வளர்ந்து முற்றிய கெலாய்டை இது கரைக்காது, புதுத் தழும்பு தடிக்காமல் பார்த்துக்கொள்வதிலும் ஊசிக்குப் பிறகு காவல் இருப்பதிலும்தான் இதன் திறமை.

காதுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது, அழுத்தம் கொடுக்க முடியும். இரண்டு பக்கமும் தட்டு வைத்த அழுத்தக் காதணிகள் இருக்கின்றன, வெட்டி எடுத்த பிறகு புண் ஆறியதும் நாள் முழுக்க, குளிக்கும் நேரம் தவிர, ஆறு மாதமோ அதற்கு மேலோ போட வேண்டும். போட்டதும் தோல் வெளுத்து அப்படியே நின்றால் இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். அக்கா இரண்டாவது தடவை வேறு டாக்டரிடம் போனாள், அவர் வெட்டிய கையோடு ஊசி, அடுத்தடுத்த மாதங்களில் ஊசி, கூடவே இந்தக் காதணி என்று ஒரு அட்டவணையே போட்டுக் கொடுத்தார். ஆபீஸில் எல்லோரும் இது என்ன டிசைன், எங்கே வாங்கினாய் என்று கேட்டார்களாம். நான்கு வருடம் ஆகிறது, திரும்ப வரவில்லை.

ரொம்பப் பெரியது, திரும்பத் திரும்ப வருவது என்றால் வெட்டி எடுத்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள் குறைந்த அளவில் கதிர்வீச்சு தொடங்குவார்கள். இப்படிச் சேர்த்துச் செய்தால் திரும்ப வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு என்ற அளவுக்குக் குறைகிறது. இதற்கு ஆபரேஷன் செய்பவரும் கதிர்வீச்சு கொடுப்பவரும் முன்கூட்டியே பேசி நாள் குறித்திருக்க வேண்டும், வெட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது இங்கே நடக்காது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக இதைத் தவிர்ப்பார்கள். பிற்காலத்தில் புற்றுநோய் வரும் ஆபத்து மிகக் குறைவு என்றாலும் கழுத்து, மார்பு போன்ற இடங்களுக்கு அதை வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "வெட்டின பிறகு திரும்ப வராமல் இருக்க என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை மாதம்?" பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தட்டையானதும் வைத்தியத்தை நிறுத்திவிட்டு மறந்துவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு, நானும் செய்தேன். எட்டு மாதம் கழித்து ஓரத்தில் மறுபடி அரிப்பு ஆரம்பித்தது. அரிப்பு என்றால் கொத்தனார் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம், அந்த வாரமே போனால் ஒன்றிரண்டு ஊசியில் முடியும். இரண்டு வருடமாவது கண் வைத்திருங்கள்.

உங்கள் உடல்வாகு இதுதான் என்று தெரிந்த பிறகு

அவசியமில்லாத காயம் வேண்டாம். டாட்டூ, இரண்டாவது மூன்றாவது காது ஓட்டை, நெஞ்சிலோ தோளிலோ இருக்கிற மச்சத்தை அழகுக்காக எடுப்பது, இவை உங்களுக்கு இல்லை. நெஞ்சு, முதுகுப் பருக்களைக் கிள்ளாமல் ஆரம்பத்திலேயே வைத்தியம் பாருங்கள், என் கதை ஒரு பருவில்தான் தொடங்கியது. சின்ன வெட்டுக்காயம் என்றால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, வாஸ்லின் தடவி ஈரப்பதத்தோடு மூடி வையுங்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். தினமும் டெட்டாலை ஊற்றி எரிச்சல் உண்டாக்குவது வீரம் இல்லை.

சிசேரியன், அப்பெண்டிக்ஸ், இதய ஆபரேஷன் என்று தவிர்க்க முடியாதது வந்தால் அட்மிட் ஆகும்போதே "எனக்குக் கெலாய்டு உடம்பு" என்று சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். இழுவை குறையும்படி அடுக்கடுக்காகத் தைப்பார், தையல் பிரித்த பிறகு காகித டேப் போட்டு இழுபடாமல் பிடித்துவைக்கச் சொல்வார், புண் முழுக்க மூடியதும் சிலிக்கான் தொடங்கலாம். முதல் மூன்று நான்கு மாதம் வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள், கெட்டியாகிறது என்று தோன்றினால் மிளகாக இருக்கும்போதே போங்கள், புளியங்கொட்டை ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.

குடும்பத்தில் கெலாய்டு இருந்து குழந்தைக்குக் காது குத்தியே ஆக வேண்டும் என்றால்? டாக்டர்களைக் கேட்டால் குத்தாமல் இருப்பதே நல்லது என்பார்கள். குத்துவதானால் சின்ன வயதிலேயே, ஏனென்றால் 11 வயதுக்குப் பிறகு குத்தியவர்களுக்குக் கெலாய்டு வருவது அதிகம் என்று 2005-இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது, அதில் பார்த்தவர்கள் எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் நம் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் முன்பே குத்திவிடுகிற வழக்கத்தோடு அது ஒத்துப்போகிறது. சோணையில் மட்டும், ஒரே ஓட்டை, சுத்தமான ஊசி, கவரிங் இல்லாத தங்கம், திருகாணியை இறுக்காமல்.

அக்கா மகளுக்குப் போன வருடம் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடி என்னுடையது, அலறின அலறலில் என் காதுதான் வலித்தது. இன்றுவரை இரண்டு சோணையும் சுத்தமாக இருக்கிறது, மாதம் ஒரு முறை நானே பிடித்துப் பார்க்கிறேன். பதினெட்டு வயதில் இரண்டாவது ஓட்டை வேண்டும் என்று வந்து நின்றால் நேராக என்னிடம் அனுப்பு என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சட்டையைக் கழற்றிக் காட்டுகிறேன்.